சாமி என்றால் நாங்களே

சிசிலியில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால் உள்ள பழைய வீடுகளில் முகடு மிக உயரம். மூன்று ஆள் உயரத்தில் ஒரு மின்குமிழ் தொங்கும். அது அணைந்துபோனால் ஏணி இல்லாமல் மாற்ற முடியாது. எங்கள் மாடிப்படியின் அடியில் ஓர் ஏணி எப்போதும் சாத்தியிருக்கும். கீழ்வீட்டுக்காரருடையது. கேட்டால் தருவார்; கேட்காமல் எடுத்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். 1993 நவம்பரில், மூன்றாம் மாடி அறைக்குத் தனியாகக் குடிவந்த தமிழர் ஒருவருக்கு, வந்து ஒரு மாதம் ஆவதற்குள், மின்குமிழ் அணைந்துபோனது. அவர் அந்த ஏணியைத் தொடவில்லை. சந்தையில் எறிந்துவிட்டுப் போகும் மரப்பெட்டிகளில் தடித்த பலகைகளாகப் பார்த்துப் பொறுக்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தானே ஓர் ஏணி செய்தார். மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் மெழுகுதிரியோடு இருந்தார். முதல்முறை ஏறியபோது நான்காவது படி முறிந்தது. இறங்கி வேறு பலகை அடித்து மறுபடி ஏறினார்.

நாங்கள் இரண்டாம் மாடி. தட்டுகிற சத்தம் கேட்டு என் கணவர் மேலே போய், கீழே ஏணி சும்மா நிற்கிறதே, கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டிருக்கிறார். திரும்பி வந்தவரின் முகத்தில் புதிதாக ஒரு மரியாதை இருந்தது.

"மேல இருக்கிறவர் பெரிய பக்திமான் போல கிடக்கு," என்றார். "ஏணி வேணுமோ எண்டு கேட்டால், சாமி, சாமி எண்டு கும்பிடுறார்."

"கும்பிட்டவரே?"

"கை ரெண்டிலையும் ஆணி. மனசுக்குள்ளை கும்பிட்டிருப்பார்."

நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். எங்களுக்குச் சாமி என்றால் பங்குச் சுவாமி. அவரோ யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்த சைவர். ஆகவே முருகனைத்தான் கூப்பிடுகிறார் என்று முடிவு கட்டினோம். அடுத்த வாரமே எங்கள் அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவர் சாமியார் ஆகிவிட்டார். தனியாக இருக்கிறார், ஒருவர் வீட்டிலும் வாய் நனைப்பதில்லை, தலைமயிரைத் தானே வெட்டிக்கொள்கிறார் என்பதெல்லாம் அந்தப் பெயருக்குப் பொருந்தியும் வந்தது.

1994 தைப்பொங்கல் அன்று, சாமியார் ஒருவர் பொங்கல் இல்லாமல் இருக்கக்கூடாது என்று நினைத்து, கத்தோலிக்கச்சியான நானே பொங்கி ஒரு கிண்ணத்தில் கொண்டுபோனேன். கதவைத் திறந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். தலையை அசைத்து, "சாமி," என்றார்.

"எந்தச் சாமிக்கு அண்ணை நேத்தி?" என்று கேட்டேன்.

முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு சிரித்தார். அவரை அறிந்த காலம் முழுவதும் அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் இரண்டு தடவைதான் கண்டிருக்கிறேன். அது முதலாவது.

"அது ருஷ்யச் சொல்லு, தங்கச்சி. சாமி எண்டால் 'நாங்களே'. நாங்களே பாத்துக்கொள்ளுறம் எண்டு அர்த்தம். பதினேழு வருசம் அங்கை இருந்த வாய், தமிழ் வர முந்தி அது வந்திடுது."

பொங்கலை அவர் சும்மா வாங்கவில்லை. ஒரு தகரப் பெட்டியிலிருந்து கருநிறமான ரொட்டியொன்றை எடுத்து, பொங்கலின் அளவுக்கு ஒரு துண்டை வெட்டித் தாளில் சுற்றி என் கையில் தந்தபிறகே கிண்ணத்தை வாங்கினார். இது உதவி இல்லை, பண்டமாற்று என்று விளக்கமும் சொன்னார். அந்த ரொட்டி புளித்தது. என் கணவர் ஒரு வாய் கடித்துவிட்டு, இதைத் தின்றுதான் அந்த நாடு உடைந்திருக்கிறது என்றார்.

அவர் எழுபதுகளின் நடுவில் புலமைப்பரிசில் பெற்றுச் சோவியத் நாட்டுக்குப் போனவர். பொருளாதாரம் படித்தார். படிப்பு முடிந்ததும் வொல்கா ஆற்றங்கரை நகரம் ஒன்றில், உழவு இயந்திரத் தொழிற்சாலையின் திட்டப் பிரிவில் வேலை. அங்கேயே கலியாணம், ஒரு மகள். இவ்வளவும் அவர் ஒரே நாளில் சொன்னதல்ல. மாலை வேளைகளில் மூன்றாம் மாடியின் கடைசிப் படியில் இருந்து தன் சப்பாத்துக்குத் தானே அடித்தோல் தைப்பார். நான் உடுப்புக் காயப்போட மொட்டைமாடிக்குப் போகும்போதும் வரும்போதும் சொன்னவற்றைச் சேர்த்து அறிந்துகொண்டதுதான்.

எனக்குச் சரித்திரப் புத்தகம் என்றால் பித்து. மன்னார் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் பிடித்த பழக்கம். ஆண்டு தவறினால் எனக்குச் சோறு இறங்காது. இங்கே சரிபார்க்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார். அவர் சொல்லுவார்: சக்கரவர்த்தி பீட்டர் ஒல்லாந்துக்குப் போய், தானே கோடரி பிடித்துக் கப்பல் கட்டப் பழகினார். நான் 1697 என்பேன். ஓம், ஆனால் திரும்பி வரும்போது வெளிநாட்டு வேலையாட்களையும் நூற்றுக்கணக்கில் கூட்டிவந்தார் என்பார். புகைவண்டிப் பாதை போட்டது பிரெஞ்சுக்காரரின் கடனில். முப்பதுகளில் யாரிலும் தங்கியிராத நாடு கட்டுகிறோம் என்று இயந்திரம் வாங்கினார்கள், கோதுமையை விற்று. அதே நேரம் அந்தக் கோதுமையை விளைவித்த கிராமங்கள் பட்டினியில் செத்தன. பிறகு 1972 இல் அதே நாடு அமெரிக்கக் கோதுமையை வாங்கியது. வாயில் மட்டும் எப்போதும் 'சாமி'.

"அப்ப ஒருநாளும் தனிய நிண்டதில்லையோ?" என்று கேட்டேன்.

"தனிய நிக்க வெளிக்கிட்ட நேரமெல்லாம் ஆரோ பட்டினி கிடந்தவை."

"இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு பிறகேன் அண்ணை நீங்கள் ஏணி அடிச்சனியள்?"

நூலை ஊசியில் கோத்துக்கொண்டு, "நாடு வேறை, ஆள் வேறை," என்றார்.

அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் சுயாட்சியா தனிநாடா என்று பேச்சு வரும். ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் முற்றத்தில் குரல் உயர்ந்துவிடும். ஒருதடவை அவ்வழியாகப் போன அவரை மறித்து, நீங்கள் படித்தவர், உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார்கள். றப்பர் வளையம் எங்கேயிருந்து வரும் என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாமியாருக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள்.

றப்பர் வளையத்தின் கதை எனக்கு மட்டும் தெரியும். உழவு இயந்திரத்தின் எண்ணெய்ப் பம்பியில் மோதிரம் அளவு ஒரு வளையம் உண்டு. அது வேறொரு குடியரசில் செய்யப்பட்டு வந்தது. 1991 டிசம்பரில் அது வேறொரு நாடாயிற்று. வளையம் வரவில்லை. முற்றம் நிறைய இயந்திரங்கள் பம்பி இல்லாமல் பனியில் நின்றன. அங்கே வளையம் செய்யும் இடத்தில் பொறுப்பாக இருந்தவன் இவரோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன். ஆகவே அவனோடு பேசும் வேலையை இவரிடம் விட்டார்கள். பதினொரு நாள் தொலைபேசியில் கெஞ்சினார். பன்னிரண்டாம் நாள் அந்த நண்பன் தன் மொழியில் மறுமொழி சொன்னான். ருஷ்ய மொழி அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தன் மொழியில் சொன்னான். இவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"அண்டைக்குத் தொலைபேசியை வைச்சனான்," என்றார். "பிறகு ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டதில்லை."

சம்பளம் நின்றது. மனைவியின் தாய் வீட்டு மேசையில் இருந்து சாப்பிட வேண்டிவந்தது. அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். சொல்லியிருந்தால் இருந்திருப்பேன் என்றார். 1992 கடைசியில் தனியாக இத்தாலிக்குப் புறப்பட்டார். மகளுக்கு அப்போது பதினொரு வயது.

என் சரிபார்க்கும் பழக்கம் ஒருநாள் வேண்டாத இடத்தில் கை வைத்துவிட்டது. கபோ சந்தையில் பழைய புத்தகம் விற்பவனிடம் ஒரு சிறிய இத்தாலிய–ருஷ்ய அகராதி கிடைத்தது. புரட்டிப் பார்த்தேன். 'சாமி' பன்மை. ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் 'சாம்' என்றுதான் சொல்ல வேண்டும். பிழை பிடித்துவிட்ட சந்தோசத்தில் படியேறிப் போய்ச் சொன்னேன்.

ஊசியைச் சப்பாத்தில் குத்தி வைத்தார். பிழைதான் என்று ஒத்துக்கொண்டார். அங்கே குளிர்காலத்தில் மகளைச் சறுக்குவண்டியில் வைத்து, நான்கு மாடி இறக்கி வெளியே கொண்டுபோவார்களாம். அயலவர்கள் வந்து பிடிக்கட்டுமா என்று கேட்பார்கள். தகப்பனும் தாயும் மகளும் ஒரே குரலில் 'சாமி' என்று கத்துவார்கள். மகள்தான் எல்லோரிலும் பலமாகக் கத்துவாள்.

"மூண்டு பேராய்ச் சொல்லிப் பழகின சொல்லு, தங்கச்சி. ஒருத்தனாய்ச் சொல்ல வாய் வருகுதில்லை."

அதற்குப் பிறகு நான் அவருடைய இலக்கணத்தில் கை வைக்கவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, புகைவண்டி நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தொலைபேசிக் கூண்டிலிருந்து மகளோடு பேசுவார். மற்ற நாட்களில் கபோவில் ஓர் இத்தாலிய மூதாட்டியை, சின்யோராவை, சம்பளத்துக்குப் பராமரித்தார். எழுபத்தெட்டு வயது. முன்னாள் தையல்காரி. பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. தன் இடது கை பள்ளிக்கூடம் போகாத கை, அதற்கு ஒன்றும் தெரியாது என்று சின்யோரா சொல்லுவார். தூக்கி நிமிர்த்துவது, கழுவுவது, ஊட்டுவது எல்லாம் அவர்தான். யாரிடமும் ஒரு தும்பும் வாங்காதவர் அந்தக் கிழவிக்குக் கரண்டியால் சூப் ஊட்டுவதை ஒருதடவை பார்த்தேன். ஒவ்வொரு கரண்டியையும் முதலில் தன் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்தார்.

அவரிடம் பத்திரம் இல்லை. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லாமல் இத்தாலியை விட்டு வெளியேறினால் திரும்ப நுழைய முடியாது. மகளைப் பார்க்காமல் மூன்று வருடம் ஆகிவிட்டது. 1995 இன் இறுதியில், வேலை கொடுப்பவர் எழுதிக் கையெழுத்து வைத்தால் பத்திரம் இல்லாதவர்களுக்கும் பெர்மெஸ்ஸோ கொடுக்கலாம் என்று அரசாணை வந்தது. பங்கு மண்டபத்தின் பின்னறையில் ஞாயிறு தோறும் எங்கள் ஆட்களுக்கு நான் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். எல்லோரும் வந்தார்கள். அவர் வரவில்லை. மார்ச் மாதம், கெடு முடியும் வாரத்தில், நானே மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

படிவத்தை வாங்கி வாசித்தார். ஓர் இடத்தில் அவருடைய விரல் நின்றது. வேலையின் தன்மை என்ற வரி. அதில் 'சுபோர்தினாத்தோ' என்று எழுத வேண்டும். இன்னொருவருக்குக் கீழ்ப்பட்ட வேலை என்று பொருள். மற்றது 'அவுத்தோனமோ', தன் கையே தனக்கு என்று தொழில் செய்பவர்களுக்கு உரியது. அந்த அரசாணையில் அவுத்தோனமோவுக்கு இடமே இல்லை. நான் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். மற்ற எல்லா வரிகளையும் என்னை நிரப்பவிட்டார். அந்த ஒன்றை மட்டும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வெறுமையாகவே வாங்கிக்கொண்டார். சின்யோராவின் கையெழுத்தையும் அவரே எடுத்துக்கொண்டார்.

கடைசி நாள் காலை குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் நான் வேறொரு பெண்ணுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். வரிசையில் எங்களுக்கு இரண்டு பேர் முன்னால் அவர் நின்றார். என்னைக் கண்டு தலையசைத்தார். அவருடைய முறை வந்தது. அலுவலர் நரைத்த மீசைக்காரர். படிவத்தை வாசித்துக்கொண்டு வந்தவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அவுத்தோனமோ," என்றார். "நல்லது. நாங்கள் சிசிலிக்காரரும் அவுத்தோனமோதான், சுயாட்சி மாகாணம். இந்த வருடத்தோடு ஐம்பது ஆண்டு. என் வீட்டுக் குழாயில் முந்தாநாள் தொடக்கம் தண்ணீர் இல்லை."

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அலுவலர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். கெட்ட மனிதர் அல்ல. இப்போது பத்துமணி, ஒருமணிக்குச் சாத்துவோம், வேறு படிவத்தில் சரியாக எழுதிக் கையெழுத்தோடு கொண்டுவாருங்கள், வரிசையில் நிற்கத் தேவையில்லை, நேரே என்னிடம் வாருங்கள் என்றும் சொன்னார்.

என்னோடு வந்த பெண்ணின் வேலையை முடித்துக்கொண்டு நான் முற்றத்துக்கு வந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. அவர் ஈச்சமரத்தின் கீழ் நின்றார். போகவும் இல்லை, வரவும் இல்லை.

"அண்ணை, ஒரு சொல்லுத்தானே," என்றேன்.

"அங்கையும் அந்தப் பேரிலை குடியரசுகள் இருந்தது. அவுத்தோனமோ எண்டு பெரிசாய்ப் பலகை போட்டிருக்கும். பஸ் எந்தத் தெருவாலை போறதெண்டும் மொஸ்கோவைக் கேக்கவேணும்."

"அப்ப அந்தச் சொல்லிலை ஒண்டும் இல்லையெண்டு உங்களுக்கே தெரியும்."

"ஓம். ஒண்டும் இல்லை. ஆனால் எனக்கு இப்ப அது மட்டும்தான் இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கச்சேரியில் பத்து வருடம் படிவங்களோடு இருந்தவள் நான்.

"பிள்ளை அங்கை மாசத்திலை ஒருக்கால் அப்பாவின்ரை குரலைக் கேட்டுக்கொண்டு இருக்கு. நீங்கள் பிள்ளையைப் பாக்கப் போறியளோ, சொல்லைப் பாத்துக்கொண்டு இருக்கப் போறியளோ?"

அவர் திரும்பி நடந்தார். வீட்டுக்குப் போகும் தெருவில் போகவில்லை. கபோவுக்குப் போகும் பக்கம் திரும்பினார். என் பையில் வெற்றுப் படிவங்கள் எப்போதும் இருக்கும். நான் பின்னால் ஓடினேன்.

சின்யோரா யன்னலோரம் கதிரையில் இருந்தார். இன்னும் ஒரு கையெழுத்து எதற்கு என்று கேட்டார். அவர் சொல்லவில்லை, நான் சொன்னேன். அந்தச் சொல்லை வாசித்துக் காட்டும்படி சின்யோரா அவரிடம் கேட்டார். அவர் வாசித்தார். கிழவி அவரிடம் திரும்பினார்.

"நீ எழும்பு என்றால் எழும்புகிறேன். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறேன். குளிர்கிறது, யன்னலைச் சாத்து என்றால், காற்று வேண்டும் என்கிறாய், பேசாமல் இருக்கிறேன். இந்த வீட்டில் கீழ்ப்பட்ட ஆள் யார்? என் பெயரை அந்த வரியில் எழுது."

அவர் சிரித்தார். அது இரண்டாவது.

"படிவத்தில் அப்படி இடம் இல்லை, சின்யோரா."

"அப்படியானால் உன் பெயரையே எழுது. கடவுளுக்குத் தெரியும்."

பேனையை நான் நீட்டினேன். அவரே வாங்கிச் 'சுபோர்தினாத்தோ' என்று எழுதினார். இத்தாலியத்தில் பதினொரு எழுத்து. நடுவில் ஓர் எழுத்தை ருஷ்ய எழுத்தாக எழுதிவிட்டு அதன்மேலேயே திருத்தினார். பிறகு சின்யோராவின் இடது கையில் பேனையை வைத்து, ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, மறுகையால் தாள் அசையாமல் பிடித்துக்கொண்டார். சின்யோரா தன் பெயரை எழுதி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. பன்னிரண்டே காலுக்கு மீசைக்காரர் முத்திரை குத்தினார்.

பெர்மெஸ்ஸோ ஆகஸ்ட் மாதம் கைக்கு வந்தது. செப்டெம்பரில் மூன்று வாரம் போய்வர முடிவு செய்தார். ஆனால் அந்த மூன்று வாரமும் சின்யோராவை யார் பார்ப்பது? சின்யோராவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டுக்கு அவர் தானாக வந்தது அதுதான் முதல்தடவை. உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. கையில் இரண்டு தாள். சின்யோராவை எப்படி நிமிர்த்த வேண்டும், எந்தப் பக்கத்தால் உடுப்பு மாட்ட வேண்டும் என்று இலக்கம் போட்டு எழுதியிருந்தார். படமும் கீறியிருந்தார். முப்பத்தொரு குறிப்புகள். கேள்வி மட்டும் எங்கும் இல்லை. தாளை என் கணவரிடம் நீட்டியபடி நின்றார்.

"எப்பிடிக் கேக்கிறதெண்டு மறந்துபோச்சு," என்றார்.

வழக்கமாக அவரைப் பகிடி பண்ணும் என் கணவர் அன்று பண்ணவில்லை. தாளை வாங்கி, "காலமை நான், மத்தியானத்திலையிருந்து இவ. நீங்கள் போட்டு வாங்கோ, ஐசே," என்றார். என் கணவருக்கு மொண்டெல்லோ கடற்கரை உணவகத்தில் வேலை மத்தியானம்தான் தொடங்கும்.

செப்டெம்பர் 2, திங்கள் புறப்பட்டார். முதல் நாட்கள் சிரமமாக இருந்தன. நான் ஊட்டினால் சின்யோரா வாயைத் திருப்பிக்கொள்வார். கரண்டி சூடு என்பார், ஆறிவிட்டது என்பார். எட்டாம் நாள் பஸ் ஓடவில்லை. வியா லிபெர்த்தா தெருவில் என் வேலை முடிந்து நடந்து வந்து சேரப் பின்னேரம் மூன்று மணி. என் கணவர் காலையில் மூடிவைத்துவிட்டுப் போன சூப் பாதி மேசையில் ஊற்றுண்டிருந்தது. மீதி சின்யோராவின் வயிற்றில் இருந்தது. இடது கையில் கரண்டி. நாடி முழுக்கச் சூப்.

"பள்ளிக்கூடம் போகிறது," என்று அந்தக் கையைக் காட்டினார்.

அதன் பிறகு என்னை ஊட்டவிடவில்லை. ஒவ்வொரு நாளும் பழகினார். சிந்துவது குறைந்துகொண்டு வந்தது. அவன் வரும்போது காட்ட வேண்டும், அவனுக்கு இது பிடிக்கும், யாரையும் எதிர்பார்க்காதவன் அல்லவா என்று சொல்லிக்கொண்டே பழகினார். எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. நாட்களை எண்ணினோம்.

செப்டெம்பர் 24, செவ்வாய் பகல் அவர் வந்தார். புகைவண்டியால் இறங்கி நேரே கபோவுக்குத்தான் வந்திருக்கிறார். தோளில் பை இருந்தது. நான் குசினியில் சூப்பைச் சூடாக்கிக்கொண்டு நின்றேன். அங்கே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். மெலிந்திருந்தார். விரல்களின் வெடிப்புகளில் கறுப்பாக மண் ஏறியிருந்தது.

பிள்ளை எப்படி என்று கேட்டேன்.

வளர்ந்துவிட்டாள் என்றார். அங்கே தொழிற்சாலையில் சம்பளத்துக்குப் பதிலாகச் சட்டி பானை கொடுக்கிறார்களாம். எல்லோரும் நகரத்துக்கு வெளியே ஆளுக்கொரு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள். அதைக் கொண்டுதான் மாரி கழிக்க வேண்டும். இவர் போனது கிழங்கு கிண்டும் காலம். பன்னிரண்டு நாள் மகளோடு கிண்டினார். மகள் எல்லா வேலையும் செய்கிறாள். வேலி அடிக்கிறாள், அடுப்புக்கு விறகு பிளக்கிறாள். இத்தாலிக்கு வந்து படிக்கிறாயா, இப்போது என்னால் கூப்பிட முடியும் என்று கேட்டிருக்கிறார். தனக்கு ஒன்றும் குறைவில்லை என்றாளாம். கோபமாகச் சொல்லவில்லை. தெருவில் வழி கேட்கும் ஒருவருக்குச் சொல்வதுபோல் மரியாதையாகச் சொன்னாளாம்.

"கடைசி நாள் மூட்டையைத் தூக்கப் போனன், தங்கச்சி. விடேல்லை. நீங்கள் விருந்தாள், விடுங்கோ எண்டு தானே தோளிலை வைச்சுக்கொண்டு போறாள். பதினைஞ்சு வயசு. நான் பின்னாலை கையை வீசிக்கொண்டு போறன்."

சூப் கொதித்து மேலே வந்தது. அடுப்பை அணைத்தேன். உள்ளேயிருந்து சின்யோரா கூப்பிட்டார். வந்தவருடைய குரல் கிழவிக்குக் கேட்டுவிட்டது.

சின்யோரா தலையை வாரச்சொல்லி, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் குனிந்து கன்னத்தோடு கன்னம் வைத்தார். கிழவி அவரை எதிர்க்கதிரையில் இருக்கச் சொன்னார். என்னிடம் சூப்பை வைக்கச் சொன்னார். பிறகு அவரைப் பார்த்து, கவனி என்றார். இடது கையால் கரண்டியை எடுத்தார். அள்ளினார். கரண்டி ஒரு துளியும் சிந்தாமல் வாய்வரை போயிற்று. விழுங்கிவிட்டு, இரண்டு வாரமாகப் பழகினேன், இனி நீ எனக்கு ஊட்டத் தேவையில்லை என்றார்.

நான் கைதட்டப் போனேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"மிக நல்லது, சின்யோரா," என்றார். சொல்லிவிட்டுத் தன் மண் ஏறிய கைகளைப் பார்த்தார். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல முழங்காலில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

சின்யோரா இரண்டாவது கரண்டியை அள்ளியிருந்தார். அது பாதி வழியில் நின்றது. கிழவி அவரை உற்றுப் பார்த்தார். பிறகு கரண்டி கிண்ணத்துக்குள் விழுந்தது. மேசைவிரிப்பில் சூப் தெறித்தது.

"களைத்துவிட்டது," என்றார் சின்யோரா. "இந்தக் கையை நம்ப முடியாது."

இடது கையை இழுத்து, செத்த வலது கையின் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டும் ஒரேமாதிரிக் கிடந்தன. அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார். கரண்டியில் அள்ளி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்தார். சின்யோரா வாயைத் திறந்தார்.